ட்ரஃபிள் ரிட்ரீட்டுல "தெரிஞ்சுகிட்ட" ஒரு விஷயத்தை நம்பி அண்ணனுக்கு போன் போட்ட கதை

நெதர்லாந்துல இருக்கிற நம்ம ஆளுங்க வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் சைலோசைபின் ரிட்ரீட் (மேஜிக் மஷ்ரூம்ல இருக்கிற போதைப் பொருளை காசு கட்டி கூட்டமா எடுத்துக்கிற முகாம்) லிங்க் ஒண்ணை போட்டு யாராச்சும் போயிருக்கீங்களா, காசுக்கு வொர்த்தான்னு கேட்டிருந்தார். கீழ வரிசையா சிரிக்கிற ஸ்மைலி, "போதைக்கு இவ்ளோ செலவா ப்ரோ"ன்னு ரெண்டு கமெண்ட், அவ்ளோதான். நான் போயிருக்கேன். அங்க பதில் போட தைரியம் வரல, அதான் பேர் போடாம இங்க எழுதுறேன். அந்த ஆறு மணி நேரத்துல என்ன தெரியும், என்ன கலர் வரும்னு சொல்ல யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அதுக்கப்புறம் வர்ற வாரங்களைப் பத்தி எனக்கு ஒருத்தரும் சொல்லல, முக்கியமா அந்த நேரத்துல நமக்கு சத்தியமா தெரிஞ்சுபோச்சுன்னு தோணுற விஷயங்களை என்ன பண்றதுன்னு.

முதல்ல சட்டம், ஏன்னா எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. இங்க மேஜிக் மஷ்ரூம் 2008 டிசம்பர்ல இருந்து தடை. அதுக்கு முந்தின வருஷம் ஆம்ஸ்டர்டாமுக்கு சுத்திப் பாக்க வந்த 17 வயசு பிரெஞ்சுப் பொண்ணு மஷ்ரூம் சாப்பிட்டுட்டு உயரத்துல இருந்து குதிச்சு செத்துப்போச்சு, அது பெரிய விவகாரமாகி தடை வந்துச்சு. ஆனா சில காளான் வகைகள் மண்ணுக்கடியில உருண்டை உருண்டையா கட்டி விடும், அதுக்கு ட்ரஃபிள்னு பேரு, அது அந்த தடைப் பட்டியல்ல வரல. உள்ள இருக்கிறது அதே சைலோசைபின் தான். அந்த இடைவெளியில தான் இந்த ரிட்ரீட் பிசினஸ் மொத்தமும் ஓடுது. சட்டப்படி சரிங்கிறதும் யாரோ பொறுப்பா மேற்பார்வை பாக்குறாங்கங்கிறதும் ஒண்ணுன்னு நான் நினைச்சுட்டேன், ரெண்டும் வேற வேற.

நான் எதுக்கு போனேன்னா, அப்பா. திருச்சில ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரில சேத்தாங்க, அண்ணன் போன்ல "பரவால்லடா, பாத்துட்டு இருக்காங்க, நீ டிக்கெட் பாத்து மெதுவா வா"ன்னான். நான் மெதுவாத்தான் போனேன். இறங்கும்போது எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் வேலை செஞ்சேன், சம்பளம் வந்துச்சு, ஒரு துளி அழல. அப்பதான் அமெரிக்கால ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டி பண்ணின ஆராய்ச்சி பத்தி படிச்சேன். ரோலண்ட் கிரிஃபித்ஸ்னு ஒருத்தர் 2006ல வெளியிட்டது, இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எதுவும் எடுத்துக்காத 36 பேருக்கு சைலோசைபின் கொடுத்துப் பாத்தாங்க, மூணுல ரெண்டு பங்கு பேர் அதை வாழ்க்கைலயே ரொம்ப அர்த்தமுள்ள அஞ்சு அனுபவத்துல ஒண்ணா சொன்னாங்க. குழந்தை பொறந்தது, அப்பா அம்மா செத்தது மாதிரி விஷயங்களோட அதை ஒப்பிட்டாங்க. இதைப் படிச்ச ராத்திரியே ரிட்ரீட் தேட ஆரம்பிச்சுட்டேன்.

அதே கட்டுரைல இருந்த வேற ரெண்டு விஷயத்தை அப்ப கண்டுக்கல. அந்த 36 பேர்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு அந்த செஷன்ல பயங்கரமான பயம் வந்திருக்கு. இன்னொண்ணு, மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஆள் நாலு தடவை, மொத்தம் எட்டு மணி நேரம் அவங்களோட உக்காந்து பேசியிருக்கார், முடிஞ்சப்புறமும் நாலு தடவை சந்திச்சிருக்கார். கிட்டத்தட்ட 1,800 யூரோ கொடுத்த எனக்கு கிடைச்சது ஒரு ஆன்லைன் ஃபார்ம், ஒரு குட்டி வீடியோ கால். பைபோலார் இருக்கா, குடும்பத்துல ஸ்கிசோஃப்ரீனியா இருக்கா, டிப்ரஷன் மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்க, அது கேக்க வேண்டிய கேள்விதான், ஒழுங்கான ஆராய்ச்சிகள்லயும் அப்படிப்பட்டவங்களை பெரும்பாலும் சேத்துக்க மாட்டாங்க. பைபோலாருக்குக் கொடுக்கிற லித்தியம் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு வலிப்பு வர்ற ஆபத்து இருக்கு, அதையும் கேக்கணும், எங்க ஃபார்ம்ல அந்தக் கேள்வியே இல்ல. வீட்டுக்குப் போனா கூட யார் இருப்பாங்கன்னும் கேக்கல. ஐந்தோவன்ல ஒரு ஸ்டுடியோ வீட்டுல நான் தனியா இருக்கேன்.

இடம் ஒரு பழைய பண்ணை வீடு. முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் வட்டமா உக்காந்தோம், நடத்துறவங்க பேசினாங்க. அதுல ஒரு வரி இன்னிக்கும் ஞாபகம் இருக்கு: "நாளைக்கு உங்க குடும்பத்துல மறைச்சு வெச்சது மேல வரும், அதுக்கு இடம் கொடுங்க." எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். இந்த வரியை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மறுநாள் ட்ரஃபிளை நசுக்கி இஞ்சி போட்டு டீ மாதிரி கொடுத்தாங்க, ஊசிப்போன புளிக்குழம்பு மாதிரி ஒரு வாசனை. கண்ணைக் கட்டிகிட்டு படுத்தாச்சு. முதல்ல குமட்டல், அப்புறம் குளிர், அப்புறம் ஒரு பயம், சொன்னா புரியுமான்னு தெரியல, என்ன ஆகுமோங்கிற பயம் இல்ல, நான்னு ஒருத்தன் கரைஞ்சு போயிட்டே இருக்கேன், அதை பாக்குறதுக்கும் யாரும் மிஞ்ச மாட்டாங்கங்கிற பயம். கத்தினேன்னு அப்புறம் சொன்னாங்க. ஒரு கட்டத்துல பிடிச்சுட்டு இருந்ததை விட்டுட்டேன் போல, அதுக்கப்புறம் பயம் போன இடம் தெரியல. ஒரு வெளிச்சம். அது கார்த்திகைக்கு திருவண்ணாமலை மலை மேல ஏத்துற தீபம்னு எனக்கு உறுதியாத் தோணுச்சு, அந்த வெளிச்சம்தான் நான், பக்கத்துல முனகிட்டு இருந்த அந்த டச்சு அம்மாவும் அதேதான், அப்பாவும் அதேதான். நேரம்னு ஒண்ணு இல்ல. ரெண்டு வருஷமா வராத அழுகை வந்துச்சு, அப்படி ஒரு அழுகை. (அந்த டச்சு அம்மாவுக்கு தீபமும் வரல மலையும் வரல, அவங்களுக்கு வடகடல் வந்திருக்கு. ஆனா "எல்லாம் ஒண்ணு"ங்கிறது மட்டும் ரெண்டு பேருக்கும் அச்சு அசலா ஒரே மாதிரி.) இதுவரைக்கும் நடந்ததை இப்பவும் யாராச்சும் திருப்பிக் கேட்டா கொடுக்க மாட்டேன்.

அதோட கடைசில தான் அந்த விஷயம் வந்துச்சு. அப்பா கடைசி வாரத்துல என்னைக் கேட்டிருக்கார், "சின்னவன்கிட்ட போன் போட்டுக் கொடு"ன்னு சொல்லியிருக்கார், அண்ணன் போடல. குரலா கேக்கல, படமாவும் தெரியல. சும்மா தெரிஞ்சுது, ரெண்டும் ரெண்டும் நாலுன்னு தெரியுற மாதிரி, சந்தேகப்பட இடமே இல்லாம. என்கிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு, சாயங்காலம் அதுல எழுதி வெச்சேன். அடுத்த வாரம் ஒரு நாள் ராத்திரி, இந்தியால அப்ப விடிகாலை மூணு மணி, அண்ணனைக் கூப்பிட்டு கேட்டுட்டேன். கேட்டேன்னு சொல்றது தப்பு, தீர்ப்பு சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "யாருடா சொன்னா உனக்கு"ன்னான். எனக்குத் தெரியும்னேன். வெச்சுட்டான். அதுக்கப்புறம் பல மாசம் பேச்சே இல்ல.

அப்பா அந்த வாரம் முழுக்க வென்டிலேட்டர்ல இருந்தார். அந்த பில்லுல பாதி நான்தான் அனுப்பினேன், அதுல நாள்வாரியா வென்டிலேட்டர் சார்ஜ் போட்டிருந்துச்சு, நான் அதை வரி வரியா பாத்திருக்கேன். அம்மா சொல்லி விஷயம் தெரிஞ்சு எங்க மாமா போன் பண்ணி "மாப்ள, வாயில குழாய் போட்டுக் கிடந்த மனுசன் எப்படிடா பேசுவார், உனக்கு கிறுக்கு பிடிச்சிருக்கா"ன்னு கத்துனப்ப கூட, ஆமால்லன்னு மூளை சொல்லுது, உள்ள அந்த நிச்சயம் ஒரு இஞ்ச் அசையல. எழுதிக் காமிச்சிருப்பார், கையால சைகை பண்ணியிருப்பார்னு அது புதுசு புதுசா வழி கண்டுபிடிக்குது. எனக்கு பயம் வந்தது அப்பதான். ட்ரஃபிள் உடம்பை விட்டுப் போயி எவ்வளவோ நாளாச்சு.

அதுக்கப்புறம் தான் படிக்க ஆரம்பிச்சேன், போறதுக்கு முன்னாடி படிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். வில்லியம் ஜேம்ஸ்ங்கிற உளவியலாளர் 1902லயே மத அனுபவங்களைப் பத்தி எழுதும்போது ஞானிகளோட அனுபவத்துக்கு நாலு அடையாளம் சொல்லிட்டார்: வார்த்தைல சொல்ல முடியாது, ஏதோ ஆழமான உண்மை தெரிஞ்ச மாதிரி இருக்கும், ரொம்ப நேரம் நிக்காது, நம்ம கைல எதுவும் இருக்காது. அவரே நைட்ரஸ் ஆக்சைடுங்கிற சிரிப்பு வாயுவை இழுத்துப் பாத்த ஆளு. அப்புறம் 1962 புனித வெள்ளி அன்னிக்கு பாஸ்டன்ல மார்ஷ் சேப்பல்ங்கிற தேவாலயத்துல வால்டர் பாங்கேங்கிற ஆராய்ச்சியாளர் 20 இறையியல் மாணவர்களை வெச்சு ஒரு சோதனை பண்ணினார், பாதி பேருக்கு சைலோசைபின், மீதி பேருக்கு ஒப்பிட்டுப் பாக்க நிகோடினிக் ஆசிட்ங்கிற விட்டமின். சைலோசைபின் எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஞானிகள் சொன்ன மாதிரியே சொன்னாங்க, இதுதான் எல்லா இடத்துலயும் வரும். 1991ல ரிக் டாப்லின்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் அவங்கள்ல நிறைய பேரைத் தேடிப் போய் பேசி எழுதினப்பதான், ஒரு மாணவர் நிலை தவறி வெளிய ஓடி அவருக்கு ஊசி போட்டு அடக்க வேண்டி வந்ததும், அதை பாங்கே தன் அறிக்கைல எழுதாம விட்டதும் வெளிய வந்துச்சு. நல்லதை விளம்பரம் பண்றதும் கெட்டதை அமுக்குறதும் இந்தத் துறைல அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு.

இப்ப ஆராய்ச்சில எம்இக்யூ 30னு ஒரு கேள்வித்தாள் இருக்கு. எல்லாத்தோடயும் ஒண்ணானது, நேரம் இடம் மறைஞ்சது, புனிதம், சந்தோஷம், சொல்ல முடியாத தன்மை, அப்புறம் சாதாரண வாழ்க்கையை விட இது நிஜம்ங்கிற உறுதி, இப்படி 30 கேள்வி. சைபர்ல இருந்து அஞ்சு வரை மார்க் போடணும், எல்லாப் பிரிவுலயும் 60 சதவீதம் தாண்டினா அது முழு ஞான அனுபவம். உக்காந்து போட்டுப் பாத்தேன், நல்லா பாஸ். உலகத்துல எனக்கு மட்டும் நடந்ததுன்னு நினைச்சதை யாரோ முன்னாடியே வரிசையா நம்பர் போட்டு வெச்சிருக்காங்கன்னு பாத்தப்ப கொஞ்சம் அசிங்கமா இருந்துச்சு, ஆனா அதுல தான் எனக்கு விடிவும் வந்துச்சு. அந்த "உறுதியாத் தெரியும்"ங்கிறது பட்டியல்ல ஒரு ஐட்டம். குமட்டல் வந்த மாதிரி, குளிர் வந்த மாதிரி அதுவும் வந்திருக்கு. சூரிச்ல 1998லயே காமிச்சிருக்காங்க, மூளைல செரடோனின்ங்கிற ரசாயனம் போய் ஒட்டுற ஒரு குறிப்பிட்ட ஏற்பியை கீட்டான்செரின்ங்கிற மருந்தால முன்னாடியே அடைச்சுட்டா, சைலோசைபின் கொடுத்தாலும் அந்த மனப் பிரமைகள் வர்றதில்ல. அப்ப இந்த உறுதியும் அந்த வழியாத்தான் வந்திருக்கணும், திருச்சி ஆஸ்பத்திரிலேர்ந்து வரல.

இதுல எனக்குப் பிடிச்ச கதை ஆலிவர் வென்டல் ஹோம்ஸ்னு ஒரு ஹார்வர்டு டாக்டரோடது, 1870ல ஒரு சொற்பொழிவுல அவரே சொன்னது. ஈதர்ங்கிற மயக்க மருந்தை மோந்து பாத்திருக்கார், பிரபஞ்ச ரகசியம் மொத்தமும் புரிஞ்சிருச்சு, மறந்துடக் கூடாதுன்னு தள்ளாடிகிட்டே போயி பேப்பர்ல எழுதி வெச்சுட்டார். தெளிஞ்சப்புறம் எடுத்துப் பாத்தா "எங்கும் டர்பன்டைன் வாசனை பலமா வீசுகிறது"ன்னு இருக்கு. அவருக்கு டர்பன்டைன் வந்ததால சிரிச்சுட்டு போயிட்டார். எனக்கு வந்தது அண்ணன் பேரு.

அது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு ஒரு ஊகம் இருக்கு. 2015ல லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆளுங்க எல்எஸ்டிங்கிற, இதே மாதிரி மனசை மாத்துற போதைப்பொருளைக் கொடுத்த ஆட்களை வெச்சு சோதிச்சப்ப, வெளிய இருந்து சொல்ற யோசனைக்கு மனசு வழக்கத்தை விட அதிகமா இணங்குதுன்னு பாத்திருக்காங்க. எனக்கு முதல் நாள் சாயங்காலமே "குடும்பத்துல மறைச்சது மேல வரும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. உள்ள ஏற்கனவே மெதுவா வான்னு சொன்ன அண்ணன் மேல ஒரு கோவம் இருந்துச்சு, மெதுவாப் போன என் மேல அதை விடப் பெரிய கோவம். மிச்சத்தை மனசு தானே தச்சுக்கிச்சு. அதனால போறவங்களுக்கு சொல்றேன், முதல் நாள் என்ன பேசுறாங்கன்னு காது கொடுத்துக் கேளுங்க. பழைய காயம் தெரியும், முன் ஜென்மம் தெரியும், மறைச்சது வெளிய வரும்னு முன்கூட்டியே கதை கட்டுற இடம்னா கிளம்பிடுங்க.

அண்ணன் விஷயத்தோட நிக்கல. செஷன் முடிஞ்ச ரெண்டு மூணு வாரம் ஒரு மிதப்பு இருக்கும், எல்லார் மேலயும் பாசம், தூக்கம் கம்மி, வேலை துச்சமாத் தோணும். அந்த மிதப்புல இருக்கும்போதே "நீங்களும் வழிகாட்டி ஆகலாம்"னு ட்ரெய்னிங் லிங்க் மெயில்ல வந்துச்சு, 2,500 யூரோ முன்பணம் கட்டிட்டேன். ஐரோப்பால ஆன்லைன்ல வாங்கின சேவையை 14 நாளுக்குள்ள காரணம் சொல்லாம ரத்து பண்ற உரிமை பொதுவா உண்டு, சில விலக்கு இருந்தாலும். எனக்கு மிதப்பு இறங்கினப்ப அந்தத் தேதி தாண்டியிருந்துச்சு, காசு போனது போனதுதான். ராஜினாமா லெட்டரும் எழுதி டிராஃப்ட்ல வெச்சிருந்தேன், நல்லவேளை அனுப்பல. நம்ம மாதிரி வேலை விசால இருக்கிறவங்க நல்லா கேட்டுக்கோங்க: நாமளா வேலையை விட்டா இங்க வேலையில்லாப் படி கிடைக்காதுன்னே வெச்சுக்கோங்க, புது வேலை தேட பொதுவா சில மாசம் தான் டைம், அதுக்கப்புறம் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ரமணருக்கு 1896ல மதுரைல பதினாறு வயசுல அந்த மரண அனுபவம் வந்துச்சு, திருவண்ணாமலை போயி வருஷக்கணக்குல மௌனமா உக்காந்துட்டார். எனக்கு திங்கக்கிழமை காலைல ஸ்டாண்டப் மீட்டிங்.

மிதப்பு இறங்கினப்புறம் வந்தது தான் ரொம்ப மோசம். மாமா போனுக்கு அப்புறம்னு நினைக்கிறேன், எதை நம்புறதுன்னு தெரியாமப் போச்சு. அது அவ்ளோ நிஜமா இருந்துட்டு பொய்னா, இப்ப எதிர்ல உக்காந்து பேசுற மேனேஜர் மட்டும் எப்படி நிஜம்? என் குரல் வேற யாரோ பேசுற மாதிரி கேக்கும். சூப்பர் மார்க்கெட்ல லைட் வெளிச்சத்துல பொருளெல்லாம் அட்டைல வெட்டி வெச்ச மாதிரி தெரியும், கூடையை அப்படியே வெச்சுட்டு ஓடி வந்திருக்கேன். ராத்திரி படுத்தா அந்தக் கரையுற பயம் திரும்ப வரும். அம்மாகிட்ட சொன்னா போதைக்கு அடிமையாயிட்டான்னு கோயில் கோயிலா ஓடும். ஆபீஸ்ல சொல்ல முடியாது, நம்ம ஆளுங்ககிட்ட சத்தியமா சொல்ல முடியாது. ரிட்ரீட்டுக்கு மெயில் போட்டேன். "இதுவும் பயணத்தின் பகுதி, நம்புங்கள்"னு ஒரு பதில், கூடவே இன்னொரு செஷன் வந்தா முடிச்சு அவிழும், பழைய ஆள்னு தள்ளுபடி உண்டுன்னு. அந்த மெயிலைப் படிச்சப்ப வந்த கோவம்தான் என்னை எழுப்பி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போச்சுன்னு சொல்லணும். காளான் சாப்பிட்டு மோசமான அனுபவம் வந்த 1,993 பேர்கிட்ட ஹாப்கின்ஸ் ஆளுங்களே ஒரு சர்வே எடுத்து 2016ல வெளியிட்டாங்க. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆனவங்கள்ல 7.6 சதவீதம் பேர் நீடிச்ச மனப் பிரச்சினைக்கு சிகிச்சை தேடிப் போயிருக்காங்க. அந்த நம்பரைப் பாத்தப்ப வருத்தத்தை விட நிம்மதி தான், நமக்கு மட்டும் இல்ல.

இங்க இருக்கிறவங்களுக்கு வழி என்னன்னா, முதல்ல ஹவுஸ்ஆர்ட்ஸ், அதாவது குடும்ப டாக்டர். நான் நடுங்கிட்டே போனேன், போலீஸ்ல சொல்வாங்களோ விசால பிரச்சினை வருமோன்னு. ஒண்ணும் இல்ல, அந்தம்மா ட்ரஃபிளான்னு கேட்டு டைப் பண்ணிட்டே தூக்கம் எப்படின்னு கேட்டாங்க. நிறைய கிளினிக்ல மனநலத்துக்குன்னே ஒரு ஆள் இருப்பார், பிஓஹெச்னு சொல்வாங்க, அவரைப் பாக்குறதும் டாக்டரைப் பாக்குறதும் இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வருஷத்துக்கு நாம கைல இருந்து கட்ட வேண்டிய 385 யூரோவைத் தொடாது. அதுக்கு மேல சைக்காலஜிஸ்ட் வேணும்னா டாக்டர் லெட்டர் வேணும், அந்த 385 போகும், காத்திருப்பும் மாசக்கணக்குல. அதனால ஆரம்பத்துலயே பேர் கொடுத்து வைங்க, சரியாயிட்டா கேன்சல் பண்ணிக்கலாம். தொடர்ந்து ராத்திரி தூங்க முடியல, தூங்காமலே தெம்பா இருக்கு, யாரோ நம்மளுக்கு செய்தி அனுப்புறாங்கன்னு தோணுது, சாகணும்னு தோணுது, இதுல எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது, அன்னிக்கே டாக்டர், ராத்திரின்னா அவசர கிளினிக், உயிருக்கு ஆபத்துன்னா அவசர நம்பர் 112.

அந்த பிஓஹெச் ஒரு வயசான டச்சுக்காரர். அவர் சொன்னதுல வேலை செஞ்சது ஒண்ணு: நோட்டுல எழுதினதை ரெண்டா பிரிக்கச் சொன்னார். உங்க உணர்ச்சி பத்தினது ஒரு பக்கம், அடுத்தவங்க என்ன செஞ்சாங்க, என்ன நடந்துச்சுங்கிறது இன்னொரு பக்கம். முதல் பக்கத்துக்கு நீங்களே சாட்சி, வெச்சுக்கோங்க. ரெண்டாவது பக்கத்துல இருக்கிறதை வேற யாராச்சும் சொல்லியிருந்தா எப்படி விசாரிப்பீங்களோ அப்படி விசாரிங்க, விசாரிக்காம யார்கிட்டயும் சொல்லாதீங்க. "அப்பா மேல இவ்ளோ பாசம் இருந்துச்சா எனக்கு"ங்கிறது முதல் பக்கம். போன் விஷயம் ரெண்டாவது பக்கம். இதை மட்டும் செஷன் முடிஞ்ச அன்னிக்கு யாராச்சும் சொல்லியிருந்தா அந்த போன் காலே நடந்திருக்காது. அந்த அட்டை உலகம் மெல்ல மெல்ல குறைஞ்சு இப்ப எப்பவாச்சும் ரொம்ப டயர்டா இருந்தா எட்டிப் பாக்கும். அண்ணன் இப்ப பேசுறான், அண்ணி இன்னும் போனை வாங்கல.

ஊர்ல இருந்து, காளானுக்காக கொடைக்கானல் போலாமான்னு கேக்குற தம்பிங்களுக்கு: 1985 போதைப்பொருள் சட்டத்துல சைலோசைபினும் எல்எஸ்டியும் வருது, பிடிச்சா ஜெயில். காட்டுல பறிச்சுக் கொடுக்கிறவனுக்கு விஷக் காளான் எது, மத்தது எதுன்னு தெரியும்னு யார் கேரண்டி கொடுக்கிறது?

லிங்க் போட்ட நண்பருக்கு, நான் போகாதேன்னு சொல்ல மாட்டேன். ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேளுங்க: செஷன்ல எத்தனை பேருக்கு எத்தனை ஆள் கூட இருப்பாங்க, அதுல மருத்துவப் படிப்பு படிச்சவங்க யாரு, ஒரு மாசம் கழிச்சு எனக்கு முடியலன்னா யார் பேசுவாங்க, அதுக்குத் தனியா காசா, பங்கேத்தவங்களுக்கு முதல் மூணு மாசத்துல எதையாச்சும் விக்கிறீங்களா. பதிலை மெயில்ல வாங்குங்க, போன்ல சொன்னதை அப்புறம் யாரும் ஒத்துக்க மாட்டாங்க.